பாதி ஈத்தம்பழம்

மூன்று வருடங்களுக்கு முந்திய நோன்பு மாதம். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில், லுஹர் தொழுகை நேரம் தாண்டிய மதிய வெயிலில், நான் செத்துப் போகப் பார்த்தேன். எல்லாம் என் முட்டாள்தனத்தால்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் எனக்கு மாரடைப்பு வந்திருந்தது. நீரிழிவு என்கிற சீனி வருத்தம் பல வருடமாக உண்டு. ஆஸ்பத்திரியில் பழைய சீனிக் குளிசையை மாற்றி, இதயத்துக்கும் நல்லது என்று புதியதொன்றைக் கொடுத்தார்கள். அது உடம்பிலுள்ள தண்ணீரை இறக்கிவிடுமாம், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம், இந்த வருடம் நோன்பே கூடாதாம். டொக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நான் நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்து நோன்பு பிடித்தேன். இரண்டு நேரக் குளிசையையும் விடியுமுன் சாப்பிடும் சஹரிலேயே சேர்த்து விழுங்கினேன். பஸ் நிலையத்துக்கு வருமுன், அன்று காலை கிளினிக்கில், "நோன்பில்லைதானே?" என்று அவர் கேட்டபோதும், இல்லை என்று கூசாமல் பொய் சொன்னேன்.

பக்தி முற்றிப்போய் என்று நினைத்துவிடாதீர்கள். மனைவி மவுத்தாகி, மகனும் வெளிநாடு போனபின் கெலிஓயா வீட்டில் நான் ஒருவன்தான். நோன்பு மாதத்தில் மட்டும்தான் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன், அதுவும் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும்போது. நோன்பில்லாமல் எந்த முகத்தோடு அந்தப் பாயில் போய் உட்காருவது?

பஸ்ஸுக்கு நின்றவனுக்குக் கண் இருட்டியது. வியர்த்துக் கொட்டியது. தூணைப் பிடித்தபடியே சரிந்தேன். தொப்பி போட்ட ஒரு த்ரீவீல்காரர் ஓடிவந்து தாங்கினார். நாற்பது வயதிருக்கும். கீழே விழுந்து கிடந்த என் மருந்தெல்லாம் எழுதிய கிளினிக் கொப்பியைப் பார்த்துவிட்டு, நோன்பா என்று கேட்டார். ஆமாம் என்றதும், அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிட்டாலும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஹார்ட்டுக்கு மருந்து குடிக்கிற ஆளுக்கு என்னத்துக்கு நோன்பு, நானா? ஊட்ல யாரும் சொல்றல்லையா?"

"ஊட்ல யாரு ஈக்கிற, சொல்ல?" என்றேன். சொன்னதும் சின்னப்பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன்.

அவர் பக்கத்துக் கடைக்கு ஓடினார். இளநீர் ஒன்றை வெட்டுவித்து, என் வாயில் வைத்துப் பிடித்தார். அவருடைய உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவரும் நோன்பு.

பிறகு ஆஸ்பத்திரிக்கே திருப்பிக் கொண்டுபோனார். நான் ஏச்சு வாங்கி முடியும்வரை வெளியே காத்திருந்தார். கெலிஓயா வந்து சேரவும் அந்தியில் மஃரிப் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. இங்கேயே நோன்பு திறக்கிறேன் என்று உள்ளே வந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். வீட்டில் தண்ணீரும் ஒரேயொரு ஈத்தம்பழமும்தான் இருந்தன. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவரோ அதைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினார். நான்தான் நோன்பில்லையே என்றேன்.

"பரவால்ல நானா, புடிங்க. தனியத் திங்க எனக்கு ஏலா."

தண்ணீரைக் குடித்துவிட்டு, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று கிளம்பிவிட்டார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

இப்போது நான் நோன்பு பிடிப்பதில்லை. சாப்பாடும் குளிசையும் நேரத்துக்கு நேரம். பள்ளிவாசல் பாயில் போய் உட்கார மட்டும் கூச்சம் இன்னும் விடவில்லை. ஆனால் நோன்பு மாதம் முழுக்க, மஃரிபுக்கு முன்பே வாசல் கதவைத் திறந்து, தட்டில் இரண்டு ஈத்தம்பழம் வைத்துவிடுகிறேன். இதுவரை யாரும் வந்ததில்லை. என்றாலும், தனியே சாப்பிட ஏலாது என்று ஒருவர் என் வீட்டுக்குள் உட்கார்ந்து சொன்னாரே, அதை நினைத்தால் கதவை மூட எனக்கு மனம் வருவதே இல்லை.