வந்தது அம்மன் இல்லை

தாராவியில் எங்கள் பக்கத்து வயதான பெண்கள் சிலர் இன்றைக்கும் என்னைக் கண்டால், "அம்மன் எறங்கின உடம்புல்லா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன், என் மேல் அம்மன் இறங்கவில்லை. மாட்டுங்கா டாக்டர் ஒருவர் கொடுத்த மாத்திரை செய்த வேலை அது.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. என் கணவர் செம்பூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். மூத்தவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். சின்னவள் பால் மறந்து சோறு தின்னப் பழகியிருந்தாள். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அப்படி இருக்கும்போதுதான் எனக்கு எல்லாம் விட்டுப்போனது. அழுகைகூட வரவில்லை. குளிக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள், கும்பிடாமல் அடுப்புப் பற்றவைக்காதவள் நான். அந்த நான் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன், சுவரைப் பார்ப்பதும் படத்தைப் பார்ப்பதும் ஒன்றாக இருக்கும். பருப்பு கருகுகிற வாசனை வரும், எழுந்து போய் இறக்க வேண்டும் என்று தெரியும், எழுந்திருக்க மாட்டேன். உட்கார்ந்தபடியே செத்துப்போனால் தேவலை என்று நினைத்த நாட்கள் உண்டு.

என் கணவரின் அக்காள் பக்கத்துச் சந்தில் இருந்தாள். எனக்கு மைனி. தம்பியைப் பம்பாய்க்குக் கூட்டிவந்து வேலைக்குச் சேர்த்துவிட்டவள் அவள்தான். அதனால் அவள் சொல்லை இவர் தட்டியதே கிடையாது. தினமும் வந்து என் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோறு ஊட்டி, சாயங்காலம் கொண்டுவந்து விடுவாள். ஊரார் மெச்சினார்கள். தம்பியிடம் என் காதுபடவே சொல்வாள்:

"எலே, இவள ஊருக்கு ரயிலேத்தி விட்டிரு. பிள்ளையள நான் வளத்துக்கிடுதேன். கிறுக்கு முத்தினா பிள்ளையள என்ன செய்வாளோ?"

இவர் தலையைக் குனிந்துகொண்டு, "பாப்போம்க்கா" என்பார். மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. ஊருக்குப் போனால் பிள்ளைகள் எனக்கு இல்லை என்பது மட்டும் அந்த இருட்டிலும் எனக்குத் தெரிந்தது.

கம்பெனி டாக்டர் எழுதிக்கொடுத்துத்தான் மாட்டுங்காவுக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் தமிழ்க்காரர்தான். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, என் கணவரிடமே பேசினார்.

"பயப்படாதேங்கோ. நரம்பு கொஞ்சம் வீக்கா இருக்கு. இந்த மாத்திரையைக் குடுங்கோ. குணம் தெரிய நாளாகும், நடுவிலே நிறுத்தப்படாது."

அவ்வளவுதான். மாத்திரை என்ன செய்யும், ஏது செய்யும் என்று சொல்லவில்லை. ஆடு மாட்டுக்கு மருந்து கொடுப்பதுபோலக் கொடுத்து அனுப்பினார்.

குணம் தெரிய நாளாயிற்றோ இல்லையோ, மாத்திரை தன் வேலையைச் சீக்கிரமே காட்டியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சோற்றை விழுங்க ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் வேண்டும். கை நடுங்கி, டம்ளரில் பாதி மடியில்தான் போகும். வேர்த்துக் கொட்டும். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மனசோ முன்னே கிடந்த மாதிரியே கிடந்தது. இதைத் தின்றால் சரியாகும் என்றார்கள், தின்றபின் உடம்பும் போயிற்றே என்று இருந்தது. பம்பாயில் அறைக்கும் கோலி என்பார்கள், மாத்திரைக்கும் கோலி என்பார்கள். குழாயடியில் மைனி அதை வைத்தே கேலி பண்ணுவாள்:

"அவ எங்க வருவா? கோலிக்குள்ள கோலி தின்னுட்டுக் கெடக்கா."

எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குக் கேட்கும். சுருக்கென்றுகூட இருக்காது, அதுதான் கொடுமை.

அந்த நிலையில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. ஊர்க்காரர்கள் சேர்ந்து எங்கள் சந்து முனையில் எழுப்பிய கோயில். போக எனக்கு மனசில்லை. ஆனாலும் ஒரு கொடைக்கும் போகாமல் இருந்ததில்லையே என்று போனேன். மேளம் காதைப் பிளந்தது, சாம்பிராணிப் புகை, வெயில். அம்மன் முன்னால் விழுந்து, நெற்றி தரையில் படக் கும்பிட்டேன். "தாயே, ஒண்ணும் தெரியல" என்று மட்டும் சொன்னேன். பிறகு எழுந்தேன்.

எழுந்ததும் கண் இருட்டிவிட்டது. கால் நிற்கவில்லை, ஆடினேன். கை இரண்டும் நடுங்கின. விழாமல் இருக்கப் பக்கத்தில் நின்றவள் தோளைப் பிடித்தேன், அவள் வீறிட்டாள்.

"யம்மா, சாமி வந்துட்டு! சாமி வந்துட்டு!"

மேளக்காரர்கள் என்னைச் சுற்றி வந்து இன்னும் பலமாக அடித்தார்கள். யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு குழறியது. "தண்ணி... தண்ணி..." என்றேன்.

"அம்மன் தண்ணி கேக்கா! மஞ்சத்தண்ணி கொண்டாங்களா!"

குடம் குடமாகக் கொண்டுவந்தார்கள். தலையில் ஊற்றினார்கள். ஒரு சொட்டுகூட வாயில் ஊற்றவில்லை. ஊற்ற ஊற்ற எனக்கு மூச்சு முட்டிக் கைகால் இன்னும் உதறியது. அதையும் அம்மன் ஆடுகிறாள் என்றார்கள். அப்போது மைனி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"தண்ணி, தண்ணிங்கா. கொழாயில தண்ணி வராதுன்னு வாக்கு சொல்லுதா, கேட்டியளா?"

மறுநாள் எங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. அது வராத நாள்தான் அதிகம், குடம் தூக்கிய எல்லாருக்கும் அது தெரியும். அன்றைக்கு மட்டும் அது அம்மன் வாக்கு பலித்ததாகப் போயிற்று.

அதோடு நான் கிறுக்கி இல்லை, அம்மன் உடம்பு. குழாயடியில் சிரித்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். என்னை ரயிலேற்றச் சொன்ன மைனி, "இவ இங்கனயே இருக்கட்டும், அம்மா வந்து சேந்திருக்கா" என்று தம்பியிடம் சொன்னாள். ஆனால் டப்பாவோடு மாத்திரையை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டாள்.

"சாமி இருக்க ஒடம்புல இங்கிலீஷ் மருந்து போகப்படாது. அம்மாளுக்கு ஆகாது."

"மைனி, அது டாக்டர் குடுத்தது."

"டாக்டரு பெருசா, அம்மா பெருசா?"

இவர் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காகப் பின்னால் எனக்கு அவர் மேல் வந்த வெறுப்பு முழுசாகப் போக வருஷங்கள் ஆயின.

யோசித்துப் பார்த்தால் எனக்கு அது வசதிதான். அம்மன் உடம்பாக இருந்துவிட்டால் யாரும் என்னை ஊருக்கு அனுப்ப மாட்டார்கள், பிள்ளைகள் என்னோடு இருக்கும். வெள்ளிக்கிழமை வேப்பிலையை ஆட்டி நாலு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மாத்திரை நின்ற சில நாளிலேயே நடுக்கம் நின்றுவிட்டது, வாய் ஈரமாகிவிட்டது, தலை சுற்றவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கிற்று, அன்றைக்கு என்னை ஆட்டியது எது என்று. விளங்கிய பிறகு எப்படி ஆடுவது?

வெள்ளிக்கிழமை எங்கள் கோலி நிறையப் பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எலுமிச்சம்பழம், குங்குமம், வெற்றிலை. மைனி சூடம் கொளுத்தி என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"கேளுங்க, கேளுங்க. அம்மா சொல்லுவா."

முன்னால் இருந்தவள் மகனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டாள். அவள் கண்ணில் நீர் நின்றது. அவளைப் பார்க்க முடியாமல் அம்மன் படத்தைப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை, கல் மாதிரி இருந்தது. ஆனாலும் அது அம்மன் படம்தான். அவள் பேரைச் சொல்லி ஒரு பொய்யைக் கேட்டவள் மடியில் போட என்னால் ஆகவில்லை.

"எனக்கு ஒண்ணும் வரலக்கா" என்றேன். "அன்னைக்கும் வரல. மாத்திர தின்னதுல தல சுத்தி விழப் பாத்தேன். தண்ணி குடிக்கத்தான் கேட்டேன். நீங்க தலையில ஊத்தினிய."

மைனி சூடத் தட்டைத் தரையில் வைத்த வேகத்தில் குங்குமம் சிதறியது.

"ஏளா, அம்மனையே இல்லங்கியா? நாக்கு அழுகிப் போகும்ளா!"

"அம்மன் இருக்கா மைனி. எம்மேல இல்லங்கேன்."

"அப்போ நீ கிறுக்கிதான். ஊருக்குப் போ!"

அப்போதே பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் கொண்டுவந்து விடவில்லை. தம்பியிடம், "இவ தெளியட்டும், பொறவு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டாளாம். இவரும் சரி என்றாராம். என்னிடம் வந்து நின்றபோது முகம் செத்திருந்தது. நான் கத்தவில்லை, கத்தத் தெம்பில்லை.

"ஊருக்கு டிக்கெட் எடுக்கப் போறீயளா, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறீயளா? ஒண்ணு சொல்லுங்க அத்தான்."

வெகுநேரம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "சலோ, மாட்டுங்காவுக்கே போவோம்" என்றார். அக்காள் சொல்லாமல் அவராக எடுத்த முதல் முடிவு அதுதான்.

டாக்டருக்குக் கோபம். "யாரைக் கேட்டுண்டு நிறுத்தினேள்?"

என் கணவர் கொடைக் கதையைச் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"சிரிக்காதீங்க டாக்டரய்யா. தல சுத்தும், கை நடுங்கும், நாக்கு ஒட்டும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தியன்னா, நான் தெருவுல நின்னு அம்மனா ஆயிருக்க மாட்டேன்."

"சொன்னா பாதிப் பேர் மாத்திரையே போட்டுக்க மாட்டாம்மா."

"சொல்லாததுல எம்பிள்ளைய ரெண்டும் என் கையவிட்டுப் போயிட்டு."

அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். வேறு மாத்திரை எழுதினார். இந்தத் தடவை என்னிடமே சொன்னார். முதலில் பாதி, பிறகுதான் முழுசு, படுக்கப் போகும்போது. வாய் இதிலும் உலரும். வயிறு கட்டும், கீரையும் வாழைப்பழமும் சாப்பிட வேண்டும். காலையில் எழுப்ப எழுப்பத் தூக்கம் வரும், போகப் போகக் குறையும். படுக்கையில் ஒருக்களித்து எழுந்து உட்கார்ந்து, அப்புறம்தான் நிற்க வேண்டும். "கோவில்லே விழுந்து நமஸ்காரம் இப்போதைக்கு வேண்டாம்" என்றும் சொன்னார். என் சாமியை எப்படிக் கும்பிடுவது என்று சொல்ல அந்த டாக்டர் யார் என்று இன்றைக்கு நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. அப்போது நின்றபடியேதான் கும்பிட்டேன்.

அவர் சொன்ன அத்தனையும் வந்தது. வயிறு கல்லாயிற்று. காலையில் பஞ்சு மூட்டையைத் தலையில் வைத்த மாதிரி இருக்கும். ஆனால் வரும் என்று தெரிந்து வந்தது, அதனால் பொறுத்துக்கொண்டேன். வாயில் கிராம்பு ஒன்றை அடக்கிக்கொள்வேன். கொஞ்சம் கொஞ்சமாக, எப்போது என்று சொல்ல முடியாதபடி, பருப்பு கருகும் முன்னால் இறக்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் குழாயடியில் ஒருத்தி, "அம்மா வாரா, வழி விடுங்களா, கோலி அம்மா" என்றாள். பழைய சிரிப்பு. எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. "ஆமாளா, உனக்கும் ரெண்டு தாரேன், வாயாவது மூடும்" என்றேன். சொல்லிவிட்டுக் குடத்தை அப்படியே வைத்துவிட்டு நின்றேன். கோபம் வந்திருக்கிறது. எத்தனை மாசத்துக்குப் பிறகு எனக்கு ஒன்று வந்திருக்கிறது! குடம் நிரம்பி வழிந்தது, எடுக்கத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்றவள்தான் எடுத்து வைத்தாள்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் மைனி வீட்டுக்குப் போனேன். அவள் சின்னவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையளக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"சாமியும் இல்லன்னுட்ட, புத்தியும் இல்ல. என்னத்த வச்சு வளப்ப?"

"கோலி தின்னுட்டு வளப்பேன் மைனி. தம்பியக் கேக்கணும்னா கேளுங்க. அவிய இன்னைக்கு என் பக்கம்."

அவர் என் பக்கமா என்று எனக்கு அப்போது தெரியாது. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மைனி கண்மூடும்வரை நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள், அதை நான் மறக்கவில்லை. சாக்கடையில் கொட்டியதையும் மறக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன், மனசு வரவில்லை.

அன்றைக்கு மூத்தவன் பையை எடுத்துக்கொண்டு பேசாமல் என் பின்னால் வந்தான். சின்னவள் வரமாட்டேன் என்று அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூக்கினேன். சந்து முழுக்க வேடிக்கை பார்த்தது. அத்தை வேணும், அத்தை வேணும் என்று அவள் என் தோளிலும் முகத்திலும் அடித்துக்கொண்டே வந்தாள். அடிக்கட்டும் என்று தூக்கிக்கொண்டு நடந்தேன்.