கண் சான்று

பூட்டுக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான் என்பது இந்த உலகத்தில் அவர் மனைவி ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணமான புதிதில், காய்த் தக்காளியாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்து நின்றபோது கண்டுபிடித்தாள். அதனால் அவர் பிழைப்பு ஒன்றும் கெட்டுவிடவில்லை. சாவிக்கு ஏது நிறம்? தெருமுனைச் சிக்னலில் மேலே எரிந்தால் நிற்பார், கீழே எரிந்தால் போவார். பெற்ற மகளிடம்கூடச் சொல்லக் கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தார். வறட்டு கௌரவம், வேறென்ன.

அறுபதை நெருங்கும் வயதில் அவருக்குப் படகுப் பைத்தியம் பிடித்தது. யாருடைய மோட்டார் படகிலோ துருப்பிடித்த பூட்டைத் திறந்துகொடுக்க ஏரிக்குப் போனவர், அதிலேயே ஒரு சுற்றும் சுற்றிவிட்டு வந்தார். அன்றிலிருந்து ஆள் கடையில், மனசு தண்ணீரில். மாப்பிள்ளையும் கூட்டுச் சேர, இருவருமாக ஒரு பழைய படகை வாங்கிப் போட்டார்கள். ஓட்ட லைசென்ஸ் வேண்டுமே. மாப்பிள்ளைக்கு வகுப்புக்குப் போக நேரமில்லை. மாமனார் போனார்.

பள்ளிக்கூடத்தில் படிக்காமல் விட்டதற்கெல்லாம் சேர்த்து அங்கே படித்தார். தண்ணீரில் விழுந்தவரை எந்தப் பக்கமாக நெருங்கித் தூக்குவது என்று சமையலறையில் நாற்காலியைப் போட்டு ஒத்திகை பார்த்தார். இருட்டில் ஓடும் படகுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. குறுக்கே வருகிறவனின் சிவப்பு தெரிந்தால் நாம் ஒதுங்க வேண்டும். பச்சை தெரிந்தால் நம் போக்கில் போகலாம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மனைவிதான் குறுக்கே கேட்டாள்.

"அங்க மேல கீழன்னு இல்லையே. எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?"

"நான் என்ன ராத்திரியிலயா ஓட்டப் போறேன்? வெளிச்சம் இருக்கும்போதே கரைக்கு வந்துடுவேன்."

லைசென்ஸுக்குக் கண் சான்று கேட்டார்கள். மனைவி வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். அங்கே மாலையில் வந்து உட்காரும் டாக்டர்தான் சோதிப்பார். நிறம் பார்க்கும் புத்தகம் அவள் பொறுப்பிலிருந்த மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது.

"ஒரே ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டா," என்றார் பூட்டுக்காரர்.

"இது பித்தலாட்டம்ங்க."

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். மறுநாளும் அதே நாடகம். கடைசியில் கொண்டுவந்தாள்.

பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் புள்ளிகளால் ஆன வட்டம். மற்றவர்களுக்கு உள்ளே எண் தெரியும். அவருக்குச் சல்லிக் குவியல்தான் தெரிந்தது. ஆனால் ஒரு சாவியை ஒருமுறை பார்த்தால் அதன் பல்லை மறக்காத மனிதர் அவர். எந்தப் பக்கத்தில் பெரிய புள்ளி ஓரமாக நிற்கிறது, எதில் சின்னப் புள்ளிகள் நெருக்கியடிக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொண்டார். எண்ணை அவள் சொன்னாள். டாக்டர் முன்னால் பிசகில்லாமல் ஒப்பித்தார். பக்கத்தில் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தானே திருடியது போல இருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

ஓட்டிக் காட்டும் பரீட்சை நட்டநடுப் பகலில் நடந்தது. அதிலும் தேறினார். அதற்குப் பிறகு அவர் படகு எடுக்கும்போதெல்லாம் அவளும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் என்றாலே பயப்படுகிறவள். எதிரே எது வந்தாலும் நிறத்தை முணுமுணுப்பாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தியம்மாவும் கூடவே வந்துவிட்டாள். அவள் பேசி முடித்துப் படகுத்துறைக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. படகில் நாலு பேருக்குத்தான் இடம்.

"நீதான் எப்பவும் போறியேம்மா. இன்னைக்கு அத்தை போகட்டும்," என்றாள் மகள், மாமியாருக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டபடி.

"இருட்டுது. இன்னொரு நாள் போலாம்."

"எல்லாம் லைட்டு இருக்கு, வாங்க," என்று பூட்டுக்காரர் எஞ்சினைக் கிளப்பினார்.

மனைவி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். சத்தியமாவது, மண்ணாவது.

"அவருக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாதுடி. பொறந்ததுலேர்ந்தே தெரியாது. டாக்டரை ஏமாத்தித்தான் சான்று வாங்கினோம். இறங்குங்க எல்லாரும்."

மாப்பிள்ளை சிரித்தபடி, தூரத்தில் வந்துகொண்டிருந்த படகின் விளக்கைக் காட்டினார்.

"மாமா, அது என்ன கலர்?"

பூட்டுக்காரர் கொஞ்சம் தாமதித்தார்.

"பச்சை."

பச்சைதான். சம்பந்தியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "படகுல இடம் இல்லேன்னதும் புருஷன் கண்ணையே பிடுங்கிட்டீங்களே," என்றாள். மகள் அம்மாவை முறைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தாள்.

அவர் விளக்குப் பக்கம் திரும்பவே இல்லை என்பதை மனைவி ஒருத்திதான் பார்த்தாள். அவர் பார்த்தது அவள் வாயை. இத்தனை நாள் பழக்கத்தில், அவர் சொல்வதற்கு முன்பே அவள் உதடு அந்தச் சொல்லைச் சத்தமில்லாமல் சொல்லிவிட்டிருந்தது.

படகு துறையை விட்டு நகர்ந்தது. அவர் இரண்டு தடவை கரையைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் ஆள் முகம் தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது.