நெற்றியில் ஒட்டிய பட்டை

அந்த மிஷினைப் பார்த்த உடனே எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டின எங்கள் கடை வாசலில் இளநீர்க் குலை இறக்கிக்கொண்டிருந்தவர், குலையைப் பிடித்தபடியே மடங்கி உட்கார்ந்துவிட்டார். டவுனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு. மூச்சுக்கு ஒரு குழாய், சாப்பாட்டுக்கு ஒரு குழாய். போதாததற்கு மண்டை ஓட்டில் துளை போட்டு உள்ளே ஒரு ஒயர். மூளைக்குள் அழுத்தம் ஏறினாலும் ஆக்சிஜன் குறைந்தாலும் அந்த ஒயர் சொல்லிவிடுமாம். கோயிலுக்குப் போனால் இடது காதுக்குப் பின்னால் பூ வைத்துக்கொள்வார் அவர். அந்த இடத்தில் ஒயர் நுழைந்திருந்தது.

அப்போதுதான் ஆராய்ச்சி செய்கிற பெண் டாக்டர் வந்தார். கையில் மிஷினின் படம்.

"நெத்தியில ரெண்டு பக்கமும் ஒரு பட்டை ஒட்டுவோம்மா. பிளாஸ்திரி மாதிரிதான், வலிக்காது. அதுலேர்ந்து வெளிச்சம் தோலு, எலும்பு எல்லாம் தாண்டி உள்ள போய்ட்டுத் திரும்பி வரும். மூளைக்கு எவ்ளோ ஆக்சிஜன் போகுதுன்னு அத வச்சுத் தெரிஞ்சிக்கலாம். அது சரியா சொல்லுதான்னு உள்ள இருக்கற ஒயரோட வச்சுப் பாக்கணும்."

"இதனால இவருக்கு இன்னா லாபம்ங்க?"

"இவருக்கு இல்லம்மா. பின்னாடி வர்றவங்களுக்கு. இது சரியா வந்தா மண்டையில ஓட்டை போடாமயே பாத்துக்கலாம்."

மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்கு எரிந்தது. என் புருஷன் கண் திறப்பாரா மாட்டாரா என்று நான் நிற்கிறேன், இவர் பின்னாடி வருகிறவர்களைப் பற்றிப் பேசுகிறார்.

வெளியே, காற்றாடிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் என் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு ஒரே அக்கா. எங்களுக்குப் பிள்ளை இல்லாததால், அவர் விஷயத்தில் பேச எங்கள் இரண்டு பேரை விட்டால் ஆளில்லை. எங்களுக்குள் சண்டை என் கல்யாணத்தன்று தாம்பூலத் தட்டை நான் எப்படி வாங்கினேன் என்பதில் ஆரம்பித்தது. இன்னும் முடியவில்லை.

"கையெழுத்து போடாத," என்றார். "என் தம்பி இன்னா எலியா? ஆபரேஷனுக்கே என்னக் கேக்காமப் போட்ட."

"நீங்க வர்ற வரைக்கும் ரத்தம் காத்துக்கினு இருக்குமா அண்ணி?"

"வாயி மட்டும் கம்மி இல்ல உனக்கு."

அவர் வேண்டாம் என்றதால்தான் நான் கையெழுத்துப் போட்டேன். வேறு காரணம் சொன்னால் அது பொய். நடையின் கோடியில் ஒரு ஜன்னல் உண்டு, அதில் மலை தெரியும். அங்கே போய், "அண்ணாமலையாரே, பின்னாடி வர்றவங்களப் பின்னாடி பாத்துக்கலாம், மொதல்ல இவரப் பாரு" என்று கும்பிட்டேன்.

நெற்றியில் பட்டைகளை ஒட்டினார்கள். பக்கத்தில் ஒரு சின்னத் திரை. அதன்மேல் பச்சைத் துணியைப் போட்டு மூடிவிட்டார் டாக்டர்.

"இதுல வர்ற நம்பர யாரும் பாக்கக் கூடாதும்மா. இவருக்கு வைத்தியம் பண்ற டாக்டருங்களும் பாக்க மாட்டாங்க. இன்னும் சோதனையில இருக்கற மிஷின். இத நம்பி எதுவும் முடிவு பண்ணிடக் கூடாது."

கோயிலில் அலங்காரத்துக்குத் திரை போட்டால் உள்ளே சாமி இருக்கிறது என்று நமக்குத் தெரியும். இங்கே மூடி வைத்திருப்பது நிஜமா பொய்யா என்று மூடினவர்களுக்கே தெரியாதாம். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

மார்கழி பிறந்தது. ஆருத்ரா தரிசனமும் பௌர்ணமியும் சேர்ந்து வர, ஊர் கொள்ளாத கூட்டம். எங்கள் கடை மூடியே கிடந்தது. கார்த்திகை தீபத்துக்கு மலைமேல் எரிந்த கொப்பரையில் படிகிற மையை, ஆருத்ராவுக்கு நடராஜருக்குச் சாத்திய பிறகு பிரசாதமாகக் கொடுப்பார்கள். நெற்றியில் இட்டுக்கொள்வோம். என் நாத்தனார் தீபத்துக்கு நெய்க்குப் பணம் கட்டியவர். அவருக்கு ஒரு பொட்டலம் கிடைத்தது. அந்தக் கூட்டத்தில் நீந்தி, புடவைத் தலைப்பில் அதை முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம். அவர் போனார். அழுத கண்ணோடு வந்தார். எனக்கும் ஒரு துளி மை வைத்துவிட்டார். சாமி மை என்பதால் நெற்றியைக் காட்டினேன்.

மறுநாள் பார்வை நேரத்துக்கு அவர்தான் முதலில் போனார். வெளியே வரும்போதே மாரில் அடித்துக்கொண்டு வந்தார்.

"எடது பக்கம் போயிடுச்சு! என் தம்பிக்கு எடது பக்கம் போயிடுச்சு! வலது பக்கம் எழுவது காட்டுது, எடது பக்கம் முப்பதுகூட இல்ல!"

துணியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

அது சோதனை மிஷின்தான் என்று புத்தி சொன்னது. மனசு கேட்கவில்லை. அவர் என்னைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனார்.

"மூச்சு இருக்கும்போதே வீட்டுக்கு எடுத்துனு போயிடலாம். இங்க கெடந்து, குழாயோட, அநாதை மாதிரி போக வேணாம். மலையப் பாத்தாப்புல போவட்டும்."

"குழாயக் கழட்டினா போயிடுவாருங்க."

"இப்பவே போயிட்டாண்டி. பாதித் தலை போனவன வச்சினு இன்னா பண்ணப் போற?"

"உங்க தம்பிய நீங்க குடுத்தீங்க, நான் வாங்கினேன் அண்ணி. திருப்பித் தர மாட்டேன்."

"புடிவாதத்துலயே அவனச் சாவடிச்சிடுவ நீ."

பக்கத்தில் பிளாஸ்கோடு நின்றிருந்தவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. எடுத்தால் எங்கள் ஊர் ஷாமியானாக்காரர்.

"அக்கா, பந்தல் வாசலோட போதுமா, தெரு வரைக்கும் இழுக்கணுமா? சேர் எவ்ளோ போடட்டும்?"

உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு, அவர் கட்டிலோரம் நின்றே போன் போட்டுப் பந்தல் சொல்லிவிட்டார் என் நாத்தனார். என் வாயிலிருந்து என்ன வந்தது என்று இங்கே எழுத மாட்டேன். ஷாமியானாக்காரர் இன்றைக்கும் என்னைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறார்.

நேராக ஆராய்ச்சி டாக்டரின் அறைக்குள் நுழைந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எடது பக்கம் போயிடுச்சான்னு இப்பவே சொல்லுங்க."

"யாரு சொன்னது?"

"உங்க மிஷின் சொல்லுது."

அவர் முகம் மாறியது. "துணியத் தூக்கினது யாரு? அத யாரும் பாக்கக் கூடாதுன்னு எத்தன வாட்டி சொன்னேன்!"

"பாக்கக் கூடாதத எதுக்கு அவரு தலைமாட்டுல வச்சீங்க? பொய் சொல்ற மிஷினா இருந்தா உங்க வூட்டுல வச்சிக்கோங்க. நெஜமா இருந்தா என் கிட்ட எதுக்கு மறைச்சீங்க?"

அவரும் சத்தம் போட்டார். நானும் போட்டேன். கடைசியில் அவர் எழுந்து, "வாங்க, உள்ள இருக்கற ஒயரு இன்னா சொல்லுதுன்னு பாக்கலாம்" என்று முன்னால் நடந்தார்.

ஒயர் சொன்னது நன்றாகவே இருந்தது. அழுத்தம் நேற்றைவிட இறங்கியிருந்தது. ஆக்சிஜனும் குறையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார், இரண்டு கண்மணியும் சுருங்கின. ஆனால் பச்சைத் துணிக்குக் கீழே இடப்பக்கம் முப்பதுக்குள்தான் நின்றது. டாக்டர் யோசித்தார். இடப்பக்கத்துப் பட்டையின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, மெதுவாக உரித்தார்.

அடியில் கறுப்பு. கட்டை விரல் அகலத்துக்கு, நெய்ப் பிசுக்கோடு, அழுத்தித் தேய்த்த மை.

கட்டிலுக்கு வலப்பக்கம் முழுக்க மிஷின்கள். சொந்தக்காரர்கள் நிற்க இடப்பக்கம்தான் இடம். நெற்றி முழுக்கப் பட்டையாக இருக்க, சாமிக்கு இடமில்லையே என்று ஓரத்தைத் தூக்கி உள்ளே பூசி, திரும்ப அமுக்கி ஒட்டியிருக்கிறார் என் நாத்தனார்.

"இன்னாம்மா இது?"

"தீப மைங்க. சாமி பிரசாதம்."

"கறுப்பு வெளிச்சத்த உள்ளயே இழுத்துக்கும்மா. திரும்பி வந்தாத்தான் இது கணக்கு சொல்லும்." பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார். புதுப் பட்டை ஒட்டினார். அந்த ஒரு தடவை துணியைப் போடாமல் என்னையும் பார்க்க விட்டார். இடப்பக்கத்து நம்பர் ஏறி ஏறி, வலப்பக்கத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே என் நாத்தனார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்தார். நாங்கள் வெளியே வந்ததும் டாக்டரின் மேல் பாய்ந்தார்.

"சாமி மைய ஸ்பிரிட் போட்டுத் தொடைக்கறியே, வெளங்குவியா நீ?"

டாக்டர் மை ஏறிய பஞ்சைக் குப்பையில் போடாமல் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். அதை என் கையில் கொடுத்து, "கால் படற எடத்துல போடாதீங்கம்மா" என்றார். அதற்காக அவரை மன்னித்தேன் என்று எழுத ஆசைதான். மன்னிக்கவில்லை. ஆனால் அந்தப் பஞ்சை மலையடிவாரத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் புதைத்தேன்.

"வூட்டுக்குப் போறதா இருந்தா நீங்க மட்டும் போங்க அண்ணி," என்றேன். "அவரு நடந்து வருவாரு."

நடந்து வரவில்லை. சக்கர நாற்காலியில்தான் வந்தார். பேச்சு முதலில் துண்டு துண்டாக வந்தது, பிறகு கோத்துக்கொண்டது. இப்போது கடையில் உட்கார்ந்து கற்பூரம் விற்கிறார். இளநீர் சீவ மட்டும் ஆள் வைத்திருக்கிறோம். அந்த ஆஸ்பத்திரியில் இப்போது பட்டை ஒட்டுவதற்கு முன்னால், "நெத்தியில ஏதாவது பூசியிருக்கீங்களா?" என்று கேட்கிறார்களாம். பின்னாடி வருகிறவர்களுக்கு எங்களால் ஆன உபகாரம் அவ்வளவுதான்.

தம்பியைக் காப்பாற்றியது தன் மைதான் என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அண்ணாமலையார்தான் காப்பாற்றினார் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. அந்த அம்மாளின் கைவழியாகக் காப்பாற்றினார் என்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

அடுத்த ஆருத்ரா வந்தபோது, பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பியிருந்தார். சாமி மை, தூக்கிப் போட முடியாது. அவர் கொடுத்தது, எடுத்து வைக்கவும் மனசில்லை. கல்லாப்பெட்டி மேலேயே கிடந்தது.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். "அக்காவா?" என்றார்.

நான் துண்டை எடுத்துக் கடைப் பலகையைத் தட்டினேன்.

மெதுவாகப் பொட்டலத்தைப் பிரித்தார். இன்னும் சரியாக மடங்காத வலது கை விரலால் மையைத் தொட்டு, தேடித் தேடி நெற்றிக்குக் கொண்டுபோனார். நடுவில் இல்லை, இடப்பக்கம் சாய்ந்து அப்பிக்கொண்டது. என் கையில் துண்டு இருந்தது.

நான் துடைக்கவில்லை. என் வீட்டுக்காரருக்காக அவ்வளவுதான் என்னால் முடிந்தது.