வாலுக்குள் ஒளிந்த மாசு

செங்கல்பட்டிலிருந்து கடல் பக்கம் போகும் சாலையில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலை. அதன் ஆய்வகத்தில் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. நான் போட்டால்தான் சரக்கு வாசலைத் தாண்டும். இவ்வளவு பெரிய அதிகாரத்தை ஒரு தொடைநடுங்கியிடம் கொடுத்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

சோதனையின் உயிர் ஒரு சிறிய எஃகுக் குழாய். உள்ளே சிலிக்கா பொடி. ஒவ்வொரு துகள் மேலும் முடி முளைத்த மாதிரி கார்பன் சங்கிலிகள். பதினெட்டு கார்பன் நீளம் என்பதால் சி-18. மருந்தைக் கரைத்து உள்ளே தள்ளினால் அந்த முடியில் சிக்கிச் சிக்கி, கலந்திருக்கும் பொருள்கள் தனித்தனியாக வெளியே வரும். திரையில் ஒவ்வொன்றும் ஒரு மேடு. முடி முளைக்காத வழுக்கை இடங்களும் உண்டு, என் மண்டையைப் போல. நல்ல தயாரிப்பாளர் அவற்றை மூடி அனுப்புவார். மூடாவிட்டால் எங்கள் மருந்து போன்ற காரத்தன்மையுள்ள பொருள்கள் அங்கே ஒட்டிக்கொண்டு, கிளம்ப மனமில்லாத விருந்தாளி மாதிரி இழுத்து இழுத்து வரும். மேட்டுக்கு வால் முளைக்கும்.

பழைய குழாய்க்கு வயதாகிவிட்டதென்று ஓய்வு கொடுத்தோம். கொள்முதல் பார்க்கும் கூடுவாஞ்சேரிக்காரர், கேள்விப்படாத கம்பெனியின் மலிவுக் குழாய் ஒன்றை வாங்கி வந்தார்.

"வேற கம்பெனியாச்சேப்பா" என்றேன்.

"அதுலயும் சி-18னு கீது, இதுலயும் சி-18னு கீது. இன்னா அண்ணாத்த, பேஜாரு பண்ற?"

அட்டையைப் படித்தால் போதும், உள்ளே இருப்பது தானாகத் தெரிந்துவிடும் என்று நம்பும் மேதை.

ஓட்டினேன். மருந்தின் மேட்டுக்குப் பல்லி வால். அதன் பின்னால் வழக்கமாக எழும்பும் மாசின் குட்டி மேட்டைக் காணோம். மேலாளருக்குப் பூரிப்பு.

"மாசே இல்லய்யா. ராசியான குழாய். கையெழுத்தப் போடு, வண்டி நிக்குது."

"மாசு போகல சார். வாலுக்குள்ள ஒளிஞ்சிருக்கும்."

"வாலுக்கு வரம்புன்னு நம்ம டெஸ்ட் மெத்தட்ல எங்கயாவது போட்டிருக்கா?"

போடவில்லை. படித்தவருக்குத் தப்பிக்கத் தெரியும்.

போட்டால் எங்கோ ஒரு நோயாளி காலி, போடாவிட்டால் நான். கழிப்பறையில் உட்கார்ந்து ராஜினாமாவை மனத்துக்குள் எழுதினேன். கடப்பாக்கம் போய் மீன் விற்பதென்று முடிவெடுத்தேன். மீன் கண்ணைப் பார்த்தாலே நடுங்குகிறவன் நான்.

திரும்பும் வழியில் சாமி படத்தைக் கும்பிடப் போனேன். படத்தின் கீழே, சந்தனமும் குங்குமமுமாகப் பழைய குழாய். ஓய்வு பெற்ற குழாய்க்கு ஆயுத பூஜையன்று பொட்டு வைத்து அங்கேயே விட்டுவிடுவது எங்கள் ஆய்வக வழக்கம். கும்பிடுவதை விட்டுவிட்டு அதை எடுத்தேன்.

துடைத்து, கழுவி, மாட்டி, அதே கரைசலை ஓட்டினேன். வயதான குழாய், அழுத்தம் முக்கி முனகி ஏறியது. ஆனால் வழுக்கை மூடிய சரக்கு. மருந்தின் மேடு சுத்தமாக ஏறி இறங்கியது. பின்னாலேயே மாசு, அனுமதித்த அளவைத் தாண்டி நிமிர்ந்து நின்றது.

மேலாளர் திரையைப் பார்க்கவில்லை. இயந்திரத்தில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்தார்.

"சாமிகிட்ட இருந்ததயா எடுத்த? குடும்பத்துக்கு ஆகாதுய்யா."

மாசு கலந்த மாத்திரை ஆகும் போலிருக்கிறது.

நான் கையெழுத்துப் போடவில்லை. பேனாவைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன். வண்டி காலியாகத் திரும்பியது. சாமி இடம் வெறுமையாக இருக்கக் கூடாதென்று மேலாளர் பிடிவாதம் பிடித்தார். புதுக் குழாய்க்குப் பொட்டு வைத்து அங்கே நிறுத்தினேன். அதன் தகுதிக்கு ஏற்ற வேலை.