ஜாவாதான் என்று சாதித்தேன்

சென்ற ஆண்டு ஜூன் மாதம், பள்ளிக்கூடங்கள் திறந்த வாரம். சேலையூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பேச்சு எழுந்தது. என் மருமகள் மீண்டும் வேலைக்குப் போவது என்று முடிவு செய்திருந்தாள். திருமணத்துக்கு முன் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் நான்கு வருடம் வேலை பார்த்தவள். பிள்ளைகள் பிறந்த பிறகு ஒன்பது வருடம் வீட்டோடு இருந்துவிட்டாள். சின்னவளும் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள், இதுதான் சமயம் என்றாள். இன்னும் இரண்டு வருடம் விட்டால் தன் விண்ணப்பத்தை யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள் என்ற பயம் அவளுக்கு.

அதற்கு முன் புதிதாக ஒன்றைக் கற்றாக வேண்டும். எதை என்பதுதான் கேள்வி.

அவள் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். எங்கள் சர்ச்சுக்கு வரும் பெண்மணி ஒருவர் பெருங்களத்தூரில் சின்னதாக ஒரு மென்பொருள் அலுவலகம் நடத்துகிறார். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேண்டியதை எழுதிக் கொடுக்கிறார்கள். எல்லாமே பிஎச்பி என்ற கணினி மொழியில், அதன் மேல் கட்டிய லாராவெல் என்ற சட்டகத்தில். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது அவர், "மூணு மாசம் லாராவெல் கத்துக்கிட்டு வாம்மா, பார்க்கலாம்" என்றிருக்கிறார்.

நான் சிரித்தேன். முப்பது வருடங்களுக்கு மேல் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன் நான். அந்தப் பெண்மணி என் மாணவி. என் தாளை இரண்டாம் முறை எழுதித்தான் தேறினார். அவர் சொல்லி என் மருமகள் படிப்பதா என்று எனக்குள் ஓர் அகந்தை. "பிஎச்பி எல்லாம் பழைய கதைம்மா. நாலு நாள் குடு, முறையா ஆராய்ஞ்சு சொல்றேன்" என்றேன்.

முறையாக ஆராய்ந்த லட்சணம் இது. நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினேன். கேம்ப் ரோடு, தாம்பரம் கிழக்கு, ரயில் நிலையத்தைத் தாண்டி மேற்கு என்று சுற்றி, கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்களின் பலகைகளில் எந்த மொழி எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டு எண்ணினேன். ஒரு டீக்கடைக்காரர், "இன்னா சார், கார்ப்பரேஷனா? போர்டெல்லாம் கழட்டப் போறீங்களா?" என்று கேட்டார். பெருமையாகச் சிரித்துவிட்டு நடந்தேன். ஜாவா வெகு தூரம் முன்னால் நின்றது. லாராவெல் ஒரே ஒரு பலகையில், அதுவும் கடைசி வரியில். அட்டவணை போட்டு மேசையில் வைத்தேன்.

"இல்ல மாமா, அந்த ஆஃபீஸ் கிட்டக்க இருக்கே..." என்று இழுத்தாள் மருமகள்.

"கிட்டக்க இருக்குன்னு யாராவது ஒண்ணைப் படிப்பாங்களா?" என்றேன். என் மகனும், "அப்பா சொன்னா கரெக்டா இருக்கும்" என்றான். அவள் ஜாவா வகுப்பில் சேர்ந்தாள்.

இதுவரை நடந்ததை முட்டாள்தனம் என்று விட்டுவிடலாம். அடுத்ததை அப்படி விட முடியாது.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு. சின்னவளுக்குக் காய்ச்சல் என்று மருமகள் சர்ச்சுக்கு வரவில்லை. அந்தப் பெண்மணி என்னிடம் வந்து, "சார், எங்க ஆஃபீஸ்ல ஒருத்தர் வேலையை விட்டுப் போறார். உங்க மருமகளை இந்த வாரமே வரச் சொல்லுங்க. மிச்சத்தை இங்கேயே கத்துக்கலாம்" என்றார். தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. மறந்து போய் அல்ல, வேண்டுமென்றேதான். வகுப்பு பாதியில் நின்றுவிடுமே என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். சொன்னால் என் அட்டவணை தோற்றுவிடும் என்பதுதான் உண்மை.

வகுப்பு முடிந்தது. தரமணி, சிறுசேரி என்று நேர்முகத் தேர்வுகளுக்கு அலைந்தாள். அப்போதுதான் கல்லூரி முடித்த பிள்ளைகளோடு வரிசையில் நின்றாள். ஒன்பது வருட இடைவெளி என்றதுமே பேச்சு முடிந்துவிடும். ஒரு மாலை வந்து கைப்பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "போதும் மாமா. நான் டியூஷன் எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

மறுநாள் தாம்பரம் போய் பஸ் மாறி, பெருங்களத்தூரில் அந்த அலுவலகத்தின் மாடிப்படி ஏறி, அந்த வேலை இன்னும் இருக்கிறதா என்று பெண்மணியிடம் கேட்டேன். "நான்தான் வரச் சொன்னேனே சார்! வரலைன்னதும் விருப்பம் இல்லைன்னு நினைச்சு வேற ஆளைப் போட்டுட்டேன்" என்றார். நான் பலகை எண்ணிய கதையைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"சார், கத்துக்கொடுக்கிறவங்கதான் போர்டு வைப்பாங்க. வேலை குடுக்கிற நான் எங்க வெச்சிருக்கேன்? சாம்பிளை எங்கேர்ந்து எடுக்கணும்னு எங்களை எத்தனை நாள் எழுப்பி நிக்க வெச்சுக் கேட்டிருப்பீங்க!"

எழுந்து வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே சமையலறையில் போய் நின்று மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், செப்டம்பர் ஞாயிறு உட்பட. அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எந்த லாங்குவேஜ் பெருசுன்னு நான் பார்க்கவே இல்ல மாமா. ஸ்கூல் வேன் மூணரைக்கு வருது. அதுக்குள்ள வீடு திரும்பற மாதிரி எங்க வேலை இருக்கு, அங்க என்ன கேக்கறாங்க, அவ்வளவுதான் பார்த்தேன்." மாவை மூடி வைத்துவிட்டு, "செப்டம்பர்லயே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

கை கழுவிவிட்டு அவளே அந்தப் பெண்மணிக்குப் போன் போட்டாள். "வேலை இல்லைன்னா பரவாயில்லக்கா. ஒரு டெஸ்ட் மட்டும் குடுங்க. பாருங்க, பிடிக்கலைன்னா தூக்கிப் போடுங்க." படப்பையில் ஒரு தொழிற்சாலை வாசலில் வந்து போகும் லாரிகளைப் பதிவு செய்யும் பக்கத்தை லாராவெலில் எழுதச் சொன்னார்கள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இனிமே நீங்க குக்கர் விசிலை மட்டும் எண்ணுங்க மாமா, போதும்" என்றாள். அன்றிலிருந்து காலைச் சமையல் என்னுடையது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன நிமிடம் அவள் லாராவெல் படிக்கக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுவாள். அவள் எழுதி அனுப்பியது இரண்டு முறை திரும்பி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை அனுப்பினாள். அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் இடம் காலியாகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிப்ரவரியில்தான் வேலையில் சேர்ந்தாள்.

"ஜாவா படிச்சதாலதான் இது சீக்கிரம் பிடிபட்டுச்சு மாமா, வீண் போகல" என்று ஒருநாள் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்ன ஆறுதல் அது. அவள் வேலைக்குப் போனது அவளுடைய பிடிவாதத்தால். அதைக் காட்டி, வேண்டுமென்றே நான் மறைத்த அந்த ஒரு சேதிக்காக என்னை நானே மன்னித்துக்கொள்ளக் கூடாது என்பதில் இந்த எழுபத்திரண்டாவது வயதில் உறுதியாக இருக்கிறேன்.