ரோவீனாவின் இரண்டாவது கேஸ்

எங்கள் கோர்ட்டு வாசலில் உலோகத்தைக் கண்டால் கத்தும் வளைவு ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு "பெல்ட்டைக் கழட்டுங்க" என்று சொல்வது என் உத்தியோகம். நீதிக்கு முன்னால் போகிற மனிதன் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது தன் பேண்ட்டைத்தான். இத்தனை வருஷத்தில் நான் கற்ற சட்டம் இது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை குழந்தைக் கேஸ்கள். குடி, போதை, அடிதடி, கவனிப்பின்மை என்று ஏதாவது ஒரு காரணத்தால் அரசாங்கம் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போயிருக்கும். பெற்றவர்கள் திருப்பிக் கேட்க வருவார்கள். அமெரிக்காவின் இந்த யாக்கிமா பள்ளத்தாக்கில் ஆப்பிளுக்கு அடுத்தபடியாக நன்றாக விளைவது இந்தக் கேஸ்கள்தான்.

இப்படி வருகிறவர்களோடு உட்கார்வதற்கென்றே ஒரு சங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த பெண்தான் ரோவீனா பிளெட்சோ. வக்கீலும் இல்லை, அதிகாரியும் இல்லை. தானும் ஒரு காலத்தில் மெத் போதையில் விழுந்து, பிள்ளையைப் பறிகொடுத்து, மீண்டு வந்து வாங்கிக்கொண்டவள். அதுதான் அவளுடைய படிப்பு, பட்டம் எல்லாம். பெரிய உடம்பு. குளிர்காலக் காலையில் டிராக்டரைக் கிளப்பினாற்போலக் குரல். எனக்கு அவள் வைத்த பெயர் பெல்ட்டு. "என்ன பெல்ட்டு, இன்னிக்கு எத்தனை பேரு மானத்தை வாங்கினே?" என்று கேட்டுக்கொண்டுதான் வளைவுக்குள் நுழைவாள்.

யெசேனியா முதல் தடவை வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருபத்திரண்டு வயது, ஆப்பிள் கிடங்கில் பெட்டி கட்டுகிறவள். காதலனோடு ஊர் சுற்றப் போய், கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டவள் திரும்பி வர மறந்துவிட்டாள். கோர்ட்டுக்கு அவள் போட்டு வந்த பனியனில் ஜிகினா எழுத்தில் "என்னைத் திருத்த முடியாது" என்று மின்னியது. ரோவீனா அதை ஒரு தடவை படித்தாள். அவள் கையைப் பிடித்துக் கழிப்பறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது யெசேனியா, ரோவீனாவின் பூப்போட்ட சட்டைக்குள் சோளக்காட்டு பொம்மை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தாள். ரோவீனா அந்தப் பனியனுக்குள் எப்படித்தான் புகுந்தாளோ, எழுத்தெல்லாம் இழுபட்டு இரண்டு மடங்காகியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு காலை முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அரசாங்க வக்கீல் கடந்து போனவர் திரும்பி வந்து இன்னொரு தடவை படித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு அவள் யெசேனியாவுக்குச் சொன்னதுதான் எல்லாருக்கும் சொல்வது. "ஜட்ஜ் அம்மா கேட்டா, செஞ்சதை ஒரே வரியில சொல்லிட்டு வாயை மூடிக்கோ. 'ஆனா'ன்னு மட்டும் ஆரம்பிச்சிடாதே. அதுக்கப்புறம் நீ பைபிளே சொன்னாலும் அந்தம்மா காதுல ஏறாது."

யெசேனியாவுக்கு இவளைக் கண்டாலே ஆகாது. போதை இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தம், சிறுநீர் சோதனைக்கு வராமல் ஒளிந்துகொண்டால், ரோவீனா அவள் வீட்டு ஜன்னலுக்கு நேராக வண்டியை நிறுத்தி ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பாள். தெரு முழுக்க எழுந்து யெசேனியாவைத் திட்டிய பிறகு அவள் வெளியே வருவாள். இப்படித் திட்டும் சண்டையுமாக ஒரு வருஷம் ஓடி, குழந்தை அவள் கைக்கு வந்தது. ரோவீனாவுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டாள். "நன்றி சொல்றவங்கதான் திரும்பி வருவாங்க. இவ வரமாட்டா," என்றாள் ரோவீனா.

அடுத்த மார்ச் மாதம் கோர்ட்டுக்கு வந்தது வேறு யாருமில்லை, ரோவீனாதான். கேஸ் அவள் பேரில்.

அவள் மகன் கோல்பிக்கு அப்போது பதினாலு வயது. துணி துவைக்க எடுத்தபோது அவன் காலுறைக்குள் கருகிய வெள்ளித்தாள் கிடைத்திருக்கிறது. அதே மாதிரித் தாளில் வைத்துச் சூடாக்கி மெத் புகைத்தவளுக்கு அதைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? அவனைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் தோளைக் குலுக்கினான். ஃப்ரீசரிலிருந்து உறைந்த சோளப் பொட்டலம் ஒன்றை எடுத்து வீசினாள். புருவம் கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டார், பையன் உள்ளதைச் சொன்னான், டீச்சர் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போன் செய்தார். டீச்சர்களுக்கு அது கடமை. பழைய கேஸ் வேறு இருந்ததால் அன்று சாயங்காலமே பையனை ரோவீனாவின் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சங்கம் அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது.

அந்தத் தாள் விஷயம் பிறகுதான் தெரிந்தது. சூயிங்கம் சுற்றி வரும் தாளை பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் குப்பென்று எரியுமாம். வகுப்பு முழுக்க அந்த வித்தையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

விசாரணை நாளன்று ரோவீனா வளைவுக்குள் வந்தபோது என்னைப் பெல்ட்டு என்று கூப்பிடவில்லை. சாவியைத் தட்டில் போட்டுவிட்டு நடந்தாள். எனக்கு அவளுடைய வசவே தேவலை என்றிருந்தது. அவளுக்குத் துணையாகப் பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு ஒல்லி மனிதரை சங்கம் அனுப்பியிருந்தது. அவர் ஆறுதலாகத் தலையைச் சாய்த்து, "உங்க மனசு எனக்குப் புரியுது," என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே தான்தான் என்று சொல்லி அவரைக் காபி குடிக்க அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் யெசேனியா வந்தாள். கிடங்கிலிருந்து நேராக வந்திருந்ததால் தலையில் வலைத்தொப்பி அப்படியே இருந்தது. கையில் சோளமாவில் அவித்த தமாலே ஒரு பை. ரோவீனாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"யாருடி உன்னை வரச் சொன்னது?"

"யாரும் சொல்லல மிஸ். ஷிஃப்ட் முடிஞ்சுது, வந்தேன். ஜட்ஜ் அம்மாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"சுவத்தைப் பாத்துதான் எறிஞ்சேன், அவன் குறுக்க வந்துட்டான்னு சொல்லப்போறேன். தப்புதான். ஆனா அந்தத் தாளைப் பாத்ததும்…"

"மிஸ், 'ஆனா' சொல்லிட்டீங்க."

ரோவீனா அதற்குச் சொன்னதை நான் இங்கே எழுத முடியாது. வராந்தாவில் குழந்தைகளும் இருந்தார்கள். யெசேனியா காது கேட்காதவள் மாதிரி ஒரு தமாலேயைப் பிரித்து அவள் மடியில் வைத்தாள். பிறகு கேட்டாள், "நிசமா சுவத்தைப் பாத்தா எறிஞ்சீங்க?"

ரோவீனா அந்தத் தமாலேயை மறுபடி அதன் தோகையில் சுற்றினாள்.

"இல்லடி. அவனைப் பாத்துதான்."

"அப்ப அதைச் சொல்லுங்க. சொல்லிட்டு வாயை மூடிக்குங்க."

"என் வாயை மூடச் சொல்ல நீ யாரு?"

"ஒரு வருஷம் என் வாயை மூடினது யாரு?"

உள்ளே காவல் நிற்க வேண்டியவனுக்கு அன்றைக்குப் பல்வலி. அதனால் என்னை நிறுத்தியிருந்தார்கள். நீதிபதி ஹால்வர்சன் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். ரோவீனா எழுந்து நின்றாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பையனைப் பாத்து எறிஞ்சேன், யுவர் ஆனர். பட்டுது."

அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். பின்னங்கழுத்து செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. இவள் வக்கீல்கூட இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்துவிட்டுத்தான் எழுந்தார்.

கோல்பி தற்போதைக்குச் சித்தி வீட்டிலேயே இருக்கட்டும், அம்மா வாரா வாரம் மேற்பார்வையில் பார்க்கலாம், பெற்றோர் வகுப்புக்குப் போக வேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்த வகுப்புக்கு எத்தனையோ பேரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியவள் ரோவீனா. முதல் வகுப்பு முடிந்து வந்தவள், டீச்சர் கையில் துணிப்பொம்மையை மாட்டிக்கொண்டு இரண்டு மணிநேரம் பேசினாள் என்றும், இதற்குப் போகச் சொன்னதற்காக ஊரில் பாதிப்பேரிடம் தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் என்னிடம் புலம்பினாள். அன்றைக்குத்தான் மறுபடி பெல்ட்டு என்று கூப்பிட்டாள்.

பிள்ளையைப் பார்க்கும் அறை சின்னக் குழந்தைகளுக்கானது. முட்டி உயர நாற்காலிகள். ரோவீனாவைக் கூட்டிக்கொண்டு போன யெசேனியா வெளியே காத்திருந்தாளாம். உள்ளே நடந்ததை ரோவீனாவே பிறகு எனக்குச் சொன்னாள். அம்மாவும் பிள்ளையும் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து, பாம்பும் ஏணியும் விளையாடியிருக்கிறார்கள். மூன்றாவது ஆட்டத்தில் கோல்பி பகடையை உருட்டிக்கொண்டே கேட்டிருக்கிறான்.

"குறி பாத்துதான் எறிஞ்சியாமே?"

"ஆமா."

"நல்லாத்தான் எறியறே."

இவள் அங்கேயே அழுதுவிட்டாள். மேற்பார்வைக்கு இருந்த பெண், தாய் உணர்ச்சிவசப்பட்டார் என்று எழுதிக்கொண்டாளாம். மகன், அம்மா ஏமாற்றுகிறாள், நான்கு விழுந்ததற்கு ஐந்து நகர்த்துகிறாள் என்று அதையும் எழுதச் சொன்னானாம்.

ஆப்பிள் பறிப்பு ஆரம்பிக்கிற சமயத்தில் கோல்பி வீட்டுக்கு வந்தான். கேஸை மூடினார்கள். சங்கம் ரோவீனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டது. யெசேனியாவையும் வேலைக்குக் கேட்டது. ரோவீனா எதிர்த்தாள். அந்தப் பெண்ணுக்கு மரியாதை தெரியாது, வாய் நீளம், பெற்றவர்களைப் பயமுறுத்திவிடுவாள் என்று காரணங்கள் சொன்னாள். சங்கத்துத் தலைவி முழுவதும் கேட்டுவிட்டு, அவளை வேலைக்குக் கேட்டதே அதற்காகத்தான் என்றாள்.

இப்போது இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் இரண்டு கோடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை இரட்டைக் குழந்தைகளைப் பறிகொடுத்த கூரை வேலைக்காரன் ஒருவன் வந்தான். யார்மீதும் நம்பிக்கையில்லை. ரோவீனா பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் எரிந்து விழுந்தான். பிள்ளையை எடுத்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று உனக்கு என்ன தெரியும் என்று கத்தினான்.

"ரெண்டு தடவை எடுத்திருக்காங்கடா," என்றாள் ரோவீனா. "நீ இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கே. நகர்ந்து உக்காரு."

அவன் நகர்ந்து உட்கார்ந்தான்.