மூன்று புள்ளி மாடசாமி

அருப்புக்கோட்டையில் பஸ் நிற்கிற இடத்தில் வைத்துத்தான் எனக்குச் செய்தி வந்தது. பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸின் பின்னால் நின்று உலைக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த கிளீனர், என்னைக் கண்டதும் கையை நிறுத்தினான்.

“பெரியப்பா, ஒங்களத்தான் தேடுனேன். பரளச்சி மாடசாமி மாமா விடியக்காலம் போயிட்டாகளாம். சொல்லிவிடச் சொன்னாக.”

“எந்த மாடசாமி?” என்று கேட்டேன். எந்த மாடசாமி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வாய் கேட்டுவிட்டது.

“மூணு புள்ளி மாடசாமிதான், பெரியப்பா.”

அந்த பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன். உலையில் கரி பிடித்து வண்டி நகர்வதற்குள் அவரைப் பற்றிய எல்லாமே எனக்குள் வந்து போய்விட்டது. பதினாறாம் நாள் கூடுகிறவர்கள் முன்னால் படிக்கவேண்டும் என்று இப்போது அதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, என் மருமகன் எழுதுகிறார். மாடசாமி வயதில் எனக்கு இளையவர். உயிரோடு இருந்தபோது பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். இங்கே அவர் என்றே சொல்கிறேன்.

அவர் பனையேறி. நெஞ்சிலும் முழங்காலிலும் தோல் காய்த்துப் போயிருக்கும். அதிகம் பேசமாட்டார். சண்டை நடந்த காலத்தில் மழை தொடர்ந்து பொய்த்து, பாளையில் பதநீர் சுண்டிப்போன ஒரு கோடையில்தான் அவர் எனக்குப் பழக்கமானார். அப்போது பந்தல்குடி ரோட்டில் ஒரு பழைய பருத்திக் கிட்டங்கியை காண்ட்ராக்டர் ஒருவர் பிடித்து, பட்டாளத்துக்குக் காட்டுக் கத்தி செய்துகொடுக்க ஏற்றிருந்தார். பர்மாக் காட்டுக்குள் போகிற சிப்பாய்கள் இடுப்பில் கட்டிக்கொள்கிற கத்தி அது. வழி வெட்டவும், விறகு பிளக்கவும், குடிசை போடவும், கடைசியில் உயிரைக் காத்துக்கொள்ளவும் அந்த ஒரு கத்திதான். சுற்று வட்டாரத்து ஆசாரிமார் பழைய லாரி வில்லுப்பட்டையைக் காய்ச்சி அடித்தார்கள். நான் சாணைச் சக்கரம் சுற்றினேன்.

கத்திக்கு வாய் வைக்கவும், அதாவது கூர் தீட்டவும், தேறுமா தேறாதா என்று பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும் என்றார் காண்ட்ராக்டர். அங்கிருந்த பெரிய ஆசாரிதான் சொன்னார்.

“நான் அடிச்ச கத்திய நானே நல்லதுன்னா எவன் நம்புவான்? ஒரு பனையேறியக் கூட்டியாங்க. அம்பதடி ஒசரத்துல ஒத்தக் கையால பாளை சீவுறவனுக்குத்தான் வாய் தெரியும்.”

அப்படித்தான் மாடசாமி வந்தார்.

பட்டாளத்திலிருந்து மாதிரிக்கு ஒரு கத்தி வந்திருந்தது. எண்ணெய்க் காகிதம் சுற்றி, மரப்பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், நல்ல கனமான முதுகு. ஆனால் வாய்ப் பக்கம் புளியங்கொட்டை மாதிரி வயிறு தள்ளி இருந்தது. மாடசாமி அதைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தார். வெயிலுக்கு நேராகத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“அண்ணே, இது கத்தியா, அகப்பையா?” என்று என்னைக் கேட்டார்.

கொட்டகையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். “குழம்பு கிண்டலாம்ப்பா, கொண்டாந்து குடு” என்றேன்.

பெரிய ஆசாரி மட்டும் சிரிக்கவில்லை. “சாம்பிள் எப்பிடியோ அப்பிடியே செய்யி. என்னமோ காரணத்தோடதான் குடுத்திருப்பான்.”

“என்ன பெரிய காரணம்? வெள்ளக்காரனுக்குத் தீட்டத் தெரியல” என்றதும் நான்தான்.

அளவும் கனமும் மாதிரிப்படியே செய்தோம். வாய் மட்டும் மாடசாமி சொன்னபடி. நான் சக்கரம் சுற்றச் சுற்ற, அவர் கத்தியின் இரண்டு கன்னத்தையும் சமமாக இறக்கி, வயிற்றை எடுத்துவிடுவார். பிறகு தண்ணீர் விட்டுக் கல்லில் தேய்ப்பார். பிறகு பனையேறிகள் வைத்திருக்கிற தீட்டுக் கட்டையில் வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல்லின் பொடியைத் தூவி, முன்னும் பின்னுமாக இழுப்பார். கடைசியில் தோல்வாரில் நான்கு இழுப்பு. அதற்குப் பின் முழங்கையில் வைத்தால் முடி தானாக உதிரும்.

சோதிக்கிற விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் கத்தியை நூலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டுவார். மணி மாதிரி இழுத்துக் கேட்டால் சரி. சத்தம் செத்துக் கேட்டால் உள்ளே விரிசல். அப்புறம் நுனியை மரப்பிளவில் சொருகி வளைத்து விடுவார். வளைந்தது திரும்பவேண்டும். அப்புறம் காய்ந்த உடைமரக் கட்டையில் இருபது வெட்டு. இந்தச் சீமையில் அதைவிட வைரமான மரம் ஏது? அதை வெட்டிய கத்தியின் வாயை வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். வாயில் எங்காவது வெள்ளையாக மினுங்கினால் அந்த இடம் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். மினுங்காத கத்திக்குத்தான் பிடிக்குக் கீழே உளியால் மூன்று புள்ளி வைப்பார். அந்த மூன்று புள்ளி விழாமல் ஒரு கத்தியும் பெட்டிக்குள் போகாது.

ஒரு தடவை பதம் கூடி, வளைத்தால் ஒடிகிற கத்திகளை வண்டி நிறைய ஒதுக்கிவிட்டார். காண்ட்ராக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“ஏப்பா, மூணு புள்ளி வைக்க ஒனக்கு என்ன கை வலிக்குதா?”

“கை வலிக்கல மொதலாளி. இது இடுப்புல இருக்கவன் பர்மாவுல இருப்பான். ஒடஞ்சா எங்கிட்ட வந்து மாத்திக்கிடவா முடியும்?”

காண்ட்ராக்டர் உளியைப் பிடுங்கி அவரே வைக்கப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, உளியைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்துதான் ‘மூன்று புள்ளி’ என்ற பெயர் நிலைத்தது.

வெள்ளைக்கார சார்ஜன்ட் ஒருவர் வந்து பார்த்தார். உடைமரத்தை அவரே வெட்டினார். கைமுடியை மழித்துப் பார்த்தார். மாதிரியைவிட வாய் மெலிசாக இருக்கிறதே என்று ஒரு வார்த்தை கேட்டதாகக் காண்ட்ராக்டர் சொன்னார். ஆனால் வெட்டு பிடித்துப்போய், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

சண்டை முடிந்தது. கொட்டகையை மூடினார்கள். அனுப்பாமல் மிஞ்சின கத்திகளில் இரண்டை மாடசாமிக்குக் கொடுத்தார்கள். அவர் மறுபடி பனைக்குப் போனார். ஆனால் பட்டாளத்திலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கியதும், எவன் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டாலும் போய்விடுவார். அவருக்குத் தன் கத்தி எப்படி இருந்தது என்று தெரியவேண்டும். நல்ல பெயர் கேட்க ஆசைப்பட்டார், அதில் தப்பில்லை.

“தம்பி, கத்தி குடுத்தாகளா? எப்பிடி இருந்துச்சு?”

“வெங்காயம் நறுக்க நல்லாருந்துச்சு மாமா” என்பான் ஒருவன். “எனக்குக் குதுரைக்குப் புல்லுப் போடுற வேலை, கத்திய உறையவிட்டே எடுக்கல” என்பான் இன்னொருவன். அவரும் சிரித்துக்கொள்வார்.

பந்தல்குடி காப்பிக் கடையில்தான் சந்தனத்தைப் பார்த்தோம். பட்டாளத்துச் சட்டையைக் கழற்றாமலே திரிந்துகொண்டிருந்தான். மாடசாமி வழக்கம்போலக் கேட்டார். அவன் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “மூணு புள்ளி வச்ச கத்தியா?” என்றான்.

“ஆமாய்யா, ஆமா. அது நம்ம கத்தி.”

“எங்க கம்பெனியில திருச்சுழிக் காளிமுத்துன்னு ஒருத்தன் இருந்தான். ஊருல இருந்து வந்த காகிதத்துல மூணு புள்ளிச் சேதி எழுதியிருந்துச்சு. வேற ஒருத்தன் கையில அந்தக் கத்தியப் பாத்துட்டு, இது எங்க ஊருக் கத்திலேன்னு தன் கத்தியக் குடுத்து மாத்தி வாங்கிக்கிட்டான்.”

மாடசாமி முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதற்கப்புறம் அது மலர்ந்து நான் பார்க்கவில்லை.

சந்தனம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். மூன்று நாள் மூங்கில் வெட்டியதிலேயே அந்தக் கத்தி பல்லுப் பல்லாகப் போய்விட்டது. நான்காம் நாள் மழையில் ஓர் ஓடையைக் கடக்கும்போது, விழுந்துகிடந்த மூங்கில் புதருக்குள் காளிமுத்துவின் கால் மாட்டிக்கொண்டது. தண்ணீர் ஏறியது. இவர்கள் அக்கரையில் நின்று கயிறு வீசினார்கள். அவன் கயிற்றைப் பிடிக்காமல் மூங்கிலை வெட்டினான். பல்லு விழுந்த இடத்தில் கத்தி இரண்டாக உடைந்தது.

தண்ணீர் இல்லாமல் ஆடுமாடு சாவதைப் பார்த்த ஊர் இது. தண்ணீரில் ஒருவன் போனதை அந்தக் காப்பிக் கடையில் யாராலும் மனசில் கொண்டுவர முடியவில்லை.

மாடசாமி ஒன்றுதான் கேட்டார். “மூங்கில் காஞ்சதா, பச்சையா?”

“அங்க காஞ்சது எது மாமா?” என்றான் சந்தனம்.

சில நாள் கழித்து, பச்சை மூங்கில் லோடு ஏற்றின லாரி ஒன்று பந்தல்குடியில் பழுதாகி நின்றது. மாடசாமி டிரைவரிடம் கெஞ்சி ஒரு மூங்கில் வாங்கினார். கையிலிருந்த இரண்டு கத்திகளில் ஒன்றைத் தன் பாணியிலேயே தீட்டி வெட்டினார். காய்ந்த உடைமரம் வெட்டை வாங்கிக்கொண்டு விட்டுவிடும். பச்சை மூங்கில் கத்தியைக் கவ்வுகிறது. பிடுங்கும்போது வாய் பக்கவாட்டில் திருகுகிறது. பதினோராவது வெட்டில் முதல் பல் விழுந்தது. மற்றக் கத்தியை, அவர் சொல்ல நான் சுற்ற, புளியங்கொட்டை வயிறு வைத்துத் தீட்டினோம். அது மூங்கிலை நெக்கித் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. மூங்கில் தீருமட்டும் வெட்டியும் ஒன்றும் ஆகவில்லை.

லாரி டிரைவர், “கத்தி நல்லாருக்கே அண்ணாச்சி” என்றான். மாடசாமி கத்தியைக் கீழே வைத்துவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

திருச்சுழிக்கு இருவரும் நடந்தே போனோம். காளிமுத்துவின் தாயார் பேச்சியம்மாள் வாசலில் உட்கார்ந்து காயிலிருந்து பருத்தி பிரித்துக்கொண்டிருந்தார். புருஷன் இல்லை. அவன் ஒரே மகன்.

“அம்மா, ஒங்க மகன் வச்சிருந்த கத்தி, நான் பாத்து நல்லதுன்னு அனுப்புனது” என்றார் மாடசாமி.

“அதுக்கு?”

“அது ஒடஞ்சிருச்சு. நான் வாய் வச்சது தப்பு.”

அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அது ஒடையாம இருந்தா எம்மகன் வந்திருப்பானா?”

மாடசாமி சொன்னார்: “தெரியலம்மா.”

“தெரியாம எதுக்கு வந்தீக? போயித் தெரிஞ்சுக்கிட்டு வாங்க.”

திரும்புகிற வழியில் எனக்குக் கோபம். “ஆமான்னு சொல்லியிருந்தா ரெண்டு வசவோட போயிருக்கும். இல்லன்னு சொல்லியிருந்தா அந்தப் பொம்பளைக்காவது ஆறுதல். இதென்னப்பா, தெரியலன்னு?”

“கைய வச்சுப் பாக்காததை எப்பிடிண்ணே சொல்ல?” என்றார்.

அதற்குப் பிறகு அவர் பனை ஏறவில்லை. சந்தனத்தைத் தேடித் தேடிப் போனார். மூங்கில் எம்புட்டுத் தண்டி? எத்தனை வெட்டு வெட்டினான்? தண்ணி இடுப்புக்கா, நெஞ்சுக்கா? “மாமா, எனக்குக் கனாவுல வருது, விட்டுருங்க” என்று அழுதுவிட்டு, சந்தனம் மில் வேலைக்கு மதுரைப் பக்கம் போய்விட்டான். அவனும் போனபிறகு கேட்பதற்கு ஆளில்லை.

மாடசாமி கடைசிக் காய்ச்சலில் கிடந்தபோது போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு இதைத்தான் சொன்னார்.

“அண்ணே, கைத்தண்டி மூங்கில்னு சந்தனம் சொன்னான். நல்ல வாயா இருந்தா எட்டு வெட்டு. எட்டு வெட்டுக்குள்ள தண்ணி தலைக்கு மேல ஏறுச்சா இல்லையான்னுதான் தெரியல.”

“சாம்பிளப் பாத்து நானும்தானப்பா சிரிச்சேன். ஒன்னைய ஏத்திவிட்டதே நான்தான்.”

“நீங்க சிரிச்சீக. புள்ளி வச்சது நான்” என்றார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் பரளச்சி போய்ச் சேர்ந்தபோது அவரைக் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். அடுத்த பஸ்ஸில் ஓர் அம்மாள் வந்து இறங்கி, யாரையும் கட்டிப்பிடிக்காமல், யாரோடும் சேர்ந்து அழாமல், நேரே தலைமாட்டில் போய் நின்றார். அங்கே அந்த அம்மாளை அறிந்தவன் நான் ஒருவன்தான்.

“திருச்சுழிப் பேச்சி வந்திருக்கேன்” என்றார், மாடசாமி கண் விழித்திருப்பது போல. “தெரிஞ்சுக்கிட்டு வாங்கன்னு கோவத்துல சொல்லிட்டேன். மறுநாளே ஆளவிட்டு, வேண்டாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல. எம்மகனப் பத்தி நெனைக்க எங்கூட இன்னொரு ஆளு இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. மாடசாமிக்குப் பிள்ளை இல்லை. பங்காளிகள் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். பேச்சியம்மாள் மாடசாமியின் மனைவியிடம், “எம்மகனுக்குப் போடக் குடுத்து வைக்கல. இவுகளுக்கு நான் போடலாமா தாயி?” என்று கேட்டார். மனைவி அரிசிச் சுளகை நீட்டினார். அந்த அம்மாள் மூன்று தடவை அரிசி அள்ளிப் போட்டு, உதட்டோரம் சிதறியதை விரலால் ஒதுக்கிவிட்டு, குனிந்து காதருகே சொன்னார்.

“தெரிஞ்சுக்க வேண்டாம். போங்க.”

மாடசாமி, அந்த வார்த்தை பத்து நாள் முந்தி வந்திருக்கவேண்டும். உங்கள் காதில் அது விழுந்திருக்காது. அதனால் பதினாறாம் நாளுக்குக் கூடியவர்கள் கேட்க இங்கே நான் ஒரு தடவை சொல்லிவைக்கிறேன். தெரிந்துகொள்ள வேண்டாமாம், தம்பி. போய் வாருங்கள்.